கூட்டுநிதியில் வரும் பல்பயன் ஸ்டாண்டிங் டெஸ்க்குக்குப் பணம் போடலாமா?

வயர்லெஸ் சார்ஜர், ஸ்பீக்கர், விளக்கு எல்லாம் சேர்ந்த, நின்றபடியும் வேலை செய்ய உயர்த்தக்கூடிய மேசை என்கிறீர்கள். முதலில் ஒன்று: கூட்டுநிதி என்பது பலரிடம் பணம் திரட்டிப் பொருள் செய்வது; அங்கே நீங்கள் வாங்கவில்லை, தயாரிப்புக்கு முன்பணம் தருகிறீர்கள். பொருள் வந்து சேரும் என்று கூட்டுநிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளமே உத்தரவாதம் தருவதில்லை. 2014-இல் பிளெண்டரும் ஸ்பீக்கரும் வைத்த 'கூலஸ்ட் கூலர்' என்ற குளிர்பெட்டி அங்கே 1.3 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2019-இல் நிறுவனம் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோருக்குப் பெட்டி போய்ச் சேரவே இல்லை.

மேசையில் எனக்கு முக்கியம் கால்கள்தான். முழு உயரத்தில், மானிட்டர் ஏற்றி, ஓரத்தைத் தட்டும் வெட்டாத வீடியோ இருக்கிறதா? உயர்த்த உயர்த்த ஆட்டம் கூடும். வெறும் கணினி வரைபடங்களை மட்டும் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். மோட்டாரோ அதை இயக்கும் கன்ட்ரோல் பாக்ஸோ போனால் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஸ்பீக்கர் பழுதானால் அதற்காக மேசையைக் கழற்ற வேண்டியிருக்கும், அது என்ன வசதியோ! மேசையின் எடை அதிகம் என்பதால், முன்பணம் போடுவோருக்குத் தரும் தள்ளுபடியை அனுப்பும் செலவே விழுங்கிவிடலாம்.

நானாக இருந்தால் கடையில் கிடைக்கும் சாதாரண இரட்டை மோட்டார் மேசைச் சட்டகம் (கால்களும் மோட்டாரும் சேர்ந்தது) வாங்கி, சார்ஜரைத் தனியாக ஒட்டிக்கொள்வேன். இந்த வடிவமைப்பே வேண்டுமென்றால், போனாலும் பரவாயில்லை என்ற தொகையை மட்டும் போடுங்கள்.