தமிழ் ஐயாவோடு ஒரு வரலாற்று வகுப்பு

கேள்வி: அரசு நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகளுக்குப் பாடநூலைத் தடுமாறாமல் படிக்க வரவில்லை. வாரம் ஒருமுறை தமிழ் ஐயாவும் நானும் சேர்ந்து வகுப்பெடுக்கச் சொல்கிறார் தலைமையாசிரியர். வரலாறு போய் வாசிப்புப் பயிற்சிதான் மிஞ்சுமோ என்று பயமாக இருக்கிறது. வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது?
– ஓர் ஆசிரியை, வேலூர் மாவட்டம்

பதில்: பிரித்துக்கொள்ளாதீர்கள், டீச்சர். முதல் பாதி அவர் வாசிப்பு, அப்புறம் நீங்கள் வரலாறு என்று போனால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும். இருவரும் ஒரே பத்தியில், ஒரே கேள்விக்கு விடை தேட வேண்டும்.

உங்கள் ஊர்க் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள்? கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்: 'புதிய தலைப்பாகை அறிமுகப்படுத்தப்பட்டது. சமயக் குறிகள் அணியத் தடை விதிக்கப்பட்டது.' வரலாற்றுப் பாடத்தில் இந்த மாதிரி வாக்கியங்கள் ஏராளம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை மட்டுமல்ல, கடகடவென்று படிக்கிற பிள்ளையும் இதில் வழுக்கிவிடும். தமிழ் ஐயா கேட்கட்டும்: "அறிமுகப்படுத்தியது யாரு? தடை போட்டது யாரு?"

பிள்ளைகள் புத்தகத்தில் தேடுவார்கள். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் என்ற பெயர் கிடைத்ததும் நீங்கள் நுழையுங்கள். அந்தத் தலைப்பாகையில் தோலில் செய்த சின்னம் ஒன்று இருந்தது. எந்த விலங்கின் தோலோ என்று இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் ஏன் கொதித்தார்கள் என்று கேளுங்கள். திப்புவின் பிள்ளைகளை அதே கோட்டையில்தான் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். கிரடாக்கையும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கையும் பின்னால் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டதற்கு வந்து சேருங்கள். பிறகு அந்த இரண்டு வாக்கியங்களையும் செய்வினையில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். அந்தச் செயப்பாட்டு வினைப் பாடத்தை ஐயா எப்படியும் நடத்தியாக வேண்டும். யார் செய்தார், ஏன் செய்தார் என்பது உங்கள் பாடம். இதில் வரலாறு எங்கே குறைந்தது?

வாசிப்புக்கு அரைப் பக்கம் போதும். முதலில் ஐயா நிறுத்தி நிதானமாக வாசிக்கட்டும், பிறகு பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக. ஒருவர் பேசும்போது மற்றவர் பெஞ்சுகளுக்கு இடையே நடக்க வேண்டும். யார் விரல் எந்தச் சொல்லில் நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஐயா மேசையில் உட்கார்ந்து நோட்டு திருத்த ஆரம்பித்தால், அது சேர்ந்து எடுக்கும் வகுப்பே இல்லை.

படிக்கத் திணறுகிறவர்களை மட்டும் மூலையில் உட்காரவைத்து ஐயாவிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். தாங்கள் 'அந்த குரூப்' என்று அவர்களுக்கு உடனே புரிந்துவிடும், வாயே திறக்க மாட்டார்கள். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு மட்டும் வேறு நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். இந்த வகுப்பு அதற்குப் போதாது.

விடைத்தாளில் காரணம் சரியாக இருந்தால் வரலாற்று மதிப்பெண்ணை முழுதாகப் போடுங்கள். ர, ற பிழைகளை ஐயா பென்சிலால் குறித்துக் கொடுக்கட்டும்.

தலைமையாசிரியரிடம் ஒன்றை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள்: வகுப்புக்கு முந்தைய நாள் உங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல ஒரு ஓய்வு பீரியட். எந்தப் பத்தி, எந்தக் கேள்வி என்று உட்கார்ந்து பேச அது வேண்டும்.