கிராப் ஷீட்டில் ஒரு புள்ளி விலகினால்...

அறிவியல் கேள்வி–பதில் பகுதிக்கு வந்தவற்றில், பிளஸ் ஒன் தனி ஊசல் (நூலில் தொங்கி ஆடும் குண்டு) சோதனையின் வரைபடம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில். நேர்கோடாக வர வேண்டிய இந்த வரைபடத்தின் சாய்விலிருந்துதான் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறோம்.

கேள்வி: ஊசலின் நீளம் கிடை அச்சில், அலைவு நேரத்தின் (ஒரு முறை போய்வர ஆகும் நேரம்) வர்க்கம் செங்குத்து அச்சில். ஐந்து புள்ளிகளையும் ஸ்கேல் வைத்து ஒன்றோடொன்று இணைத்தேன். ஆசிரியர் அடித்துவிட்டார். அளந்ததைத்தானே வரைந்தேன்?
– மாணவி, தென்காசி

பதில்: நீங்கள் அளந்தது ஐந்து புள்ளிகளைத்தான், இடையில் உள்ள கோட்டை அளக்கவில்லை. உங்கள் படத்தை நம்பினால், 80 செ.மீ. தாண்டியதும் ஊசல் திடீரென வேறு மாதிரி ஆடுகிறது என்றாகிவிடும். அந்த நெளிவு, ஸ்டாப் வாட்சை அழுத்தும் விரல் முந்திப் பிந்திப் போவதால் வருவது. அடியில் உள்ள புள்ளிகள் ஊடே தெரிகிற பிளாஸ்டிக் ஸ்கேலை எடுங்கள். கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளிகள் ஏறக்குறைய சமமாகச் சிதறும்படி ஸ்கேலை நகர்த்தி, கூரான பென்சிலால் ஒரே கோடாக இழுங்கள். எந்தப் புள்ளியையும் அது தொடாமல் போனாலும் தவறில்லை.

அளவுத்திட்டத்தையும் சரிபாருங்கள். 1 செ.மீ.க்கு 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து மடங்குகள்தான் வசதி. 3 என்று வைத்தால் ஒரு சின்னக் கட்டம் (1 மி.மீ.) 0.3 ஆகும்; 0.7-ஐ எங்கே குறிப்பீர்கள்? பாதிப் புள்ளிகள் அங்கேயே தவறிவிடும்.

கேள்வி: நான்கு புள்ளிகள் அழகாகக் கோட்டில் இருக்கின்றன. 80 செ.மீ. புள்ளி மட்டும் 15 சின்னக் கட்டம் கீழே கிடக்கிறது. அழித்துவிடலாமா?
– மாணவர், உடுமலை

பதில்: அழிக்காதீர்கள். எண்ணிக்கை ஒன்று தப்பியிருக்கிறது என்றே நினைக்கிறேன். 80 செ.மீ. ஊசல் 20 முறை அலைய சுமார் 35.9 விநாடி ஆகும். வாட்சை அழுத்தும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினால், 'இருபது' சொல்லும்போது முடிந்திருப்பது 19 அலைவுகள்தான், வாட்ச் 34.1 காட்டும். அதை 20-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 3.22 வர வேண்டிய இடத்தில் 2.91 வரும். செங்குத்து அச்சில் 1 செ.மீ. = 0.2 என்று வைத்திருந்தால், நீங்கள் சொல்லும் 15 கட்டம் ஏறக்குறையப் பொருந்துகிறது. குண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது 'பூஜ்ஜியம்' என்று தொடங்கி அந்த ஒரு நீளத்தை மட்டும் திரும்ப அளந்து பாருங்கள். பழைய புள்ளியை வட்டமிட்டு, பக்கத்தில் காரணம் எழுதுங்கள். ஊசலைக் கழற்றி வைத்த பிறகு வரைந்தால் இதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு நீளம் முடிந்ததும் புள்ளியைக் குறித்துவிடுவதே நல்லது.

ஐந்து நீளங்களுக்கும் இதே தவறைச் செய்திருந்தால் வரைபடம் காட்டிக்கொடுக்காது. கோடு நேராகவே வரும், பூஜ்ஜியத்தின் வழியாகவும் போகும். ஆனால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 10.9-ஐ ஒட்டி வந்து நிற்கும்.

கேள்வி: கோடு பூஜ்ஜியப் புள்ளி வழியாகப் போகாமல் நாலு சின்னக் கட்டம் மேலே செங்குத்து அச்சை வெட்டுகிறது. மாணவர்களைப் பூஜ்ஜியத்தோடு சேர்த்து வரையச் சொல்லலாமா?
– ஆசிரியை, மன்னார்குடி

பதில்: வேண்டாம் அம்மா. நூலை எதுவரை அளந்தார்கள் என்று கேளுங்கள். ஊசலின் நீளம் குண்டின் மையம் வரை. முடிச்சு வரை மட்டும் அளந்தால் கொக்கி 1 செ.மீ., குண்டின் ஆரம் 1 செ.மீ. என 2 செ.மீ. விட்டுப்போகும். அதற்குரிய வெட்டுத்துண்டு (செங்குத்து அச்சைக் கோடு வெட்டும் உயரம்) 0.08, முன் சொன்ன அளவுத்திட்டத்தில் அது நாலு கட்டம்தான். கோட்டை இடப்பக்கம் நீட்டினால் கிடை அச்சை −2 செ.மீ.யில் வெட்டும். விட்டுப்போன நீளம் அப்படியே அங்கே தெரியும்!

இதில் ஒரு நன்மையும் உண்டு: எல்லா நீளமும் ஒரே அளவு குறைவதால் சாய்வு மாறாது, விடை 9.8-ஆகவே வரும். அட்டவணையில் வரிவரியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தவருக்கு 9.5, 9.6 என்றுதான் கிடைக்கும். பூஜ்ஜியத்தோடு இழுத்துச் சேர்த்தால் சாய்வும் கெடும்.

சாய்வைக் கணக்கிடக் கோட்டின் மேல் போடும் முக்கோணத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். ஒரு சின்னக் கட்டம் தவறினால், 10 செ.மீ. நீள இடைவெளியில் எடுத்த சாய்வு 5 சதவீதம் பிசகும்; 80 செ.மீ. இடைவெளியில் 0.6 சதவீதம்தான். இரு முனைகளும் கோட்டின் மேல் இருக்கட்டும், அட்டவணைப் புள்ளிகளாக வேண்டாம்.

கேள்வி: எக்செல்லில் போட்டால் நேர்கோடு வளைகிறதே?
– மாணவர், ஓசூர்

பதில்: 'லைன்' படத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது 50, 60, 80, 100, 140 என்ற நீளங்களை வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் அடுக்கும். 'ஸ்கேட்டர்' படத்தைத் தேர்ந்தெடுத்து, 'ட்ரெண்ட்லைன்' சேர்த்து, சமன்பாட்டைக் காட்டும் பெட்டியில் டிக் செய்யுங்கள். நீளத்தை மீட்டரில் கொடுத்திருந்தால் சாய்வு 4.03-க்குப் பக்கத்தில் வரும், செ.மீ.யில் கொடுத்திருந்தால் 0.0403.