நடு நைந்த பெட்ஷீட்: தைப்பதா, மாற்றுவதா?

கேள்வி: எங்கள் வீட்டுக் காட்டன் பெட்ஷீட்டுகள் நான்கும் நடுவில் நைந்துவிட்டன, ஓரங்கள் நன்றாகவே இருக்கின்றன. பழசோடு 300 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் புது ‘சுத்தக் காட்டன்’ தருவதாகத் தெருவில் வரும் வியாபாரி சொல்கிறார். தைத்துப் போடலாம் என்றால் வீட்டில் கஞ்சத்தனம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்? – வாசகி, பாலக்கோடு

பதில்: அந்த வியாபாரியிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. அவர் விற்பதிலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலானால் காட்டன். உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் அதில் பாலியஸ்டர் இருக்கிறது. தீக்குச்சி என்றதுமே மூட்டையைக் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். துணியில் என்ன நூல் எத்தனை சதவீதம் என்று குறிக்க வேண்டும் என 1988லேயே விதி போட்டாகிவிட்டது. தருமபுரி கடைவீதியில் அடுக்கியிருப்பதைப் புரட்டிப் பாருங்கள், எத்தனையில் இருக்கிறது? யார் கேட்கிறார்கள்? கடைசியில் தீப்பெட்டியோடு நாம்தான் அலைய வேண்டியிருக்கிறது.

சரி, தையலுக்கு வருவோம். பெட்ஷீட்டை நீளவாக்கில் நட்டநடுவே வெட்டுங்கள். வெளியே இருந்த இரண்டு கரைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒன்றின் மேல் ஒன்று அரை அங்குலம் ஏறும்படி வைத்து இரண்டு வரிசை தையுங்கள். கரை பிரியாது என்பதால் மடிக்க வேண்டாம், முதுகில் உறுத்தாது. நைந்த பகுதி இப்போது இரு ஓரத்துக்கும் போய்விடும். அதை மடித்து அடித்தால் மெத்தைக்கு அடியில் மறைந்துவிடும். அகலத்தில் இரண்டரை அங்குலம்போலக் குறையும், அவ்வளவுதான். காட்டன் நூலையே போடுங்கள். பாலியஸ்டர் நூல் அறாது, பழைய துணியைத்தான் அறுக்கும்.

ஆனால் வெட்டுவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். இது ஒருவர் நடுவில் படுக்கும் கட்டில் விரிப்புக்குத்தான் சரிவரும். இருவர் படுக்கும் டபுள் கட்டிலில் தேய்வது நடு இல்லை. ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பட்டைகள் தேயும். 90 அங்குல அகலம் என்றால் இரு ஓரத்திலிருந்தும் சுமார் இருபத்திரண்டு அங்குலத்தில். அதை வெட்டி ஓரத்தை நடுவாக்கினாலும் அந்தப் பட்டைகள் அதே இருபத்திரண்டில்தான் வந்து நிற்கும்! சந்தேகமாக இருந்தால் ஒரு தாளில் கோடு போட்டு வெட்டி மாற்றிப் பாருங்கள். இது தெரியாமல் நல்ல விரிப்பை வெட்டிவிட்டு என்னிடம் தூக்கி வந்தவர்கள் உண்டு. அதனால் முதலில் கொடியில் போட்டு வெயிலுக்கு எதிரே நின்று பாருங்கள். வெளிச்சம் எங்கே அதிகம் ஊடுருவுகிறதோ அங்கேதான் தேய்வு. இரண்டு பட்டை தெரிந்தால் ஒட்டுவேலை வேண்டாம், நல்ல பகுதிகளைத் தலையணை உறையாக வெட்டிக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கவே இருக்கிறது, அடுப்படிக் கரித்துணி.

சிறு ஓட்டைகளுக்கு இன்னொரு பழைய பெட்ஷீட்டின் துண்டுதான் ஒட்டு. புதுத் துணியை வைத்தால் முதல் துவைப்பிலேயே சுருங்கிச் சுற்றிலும் இழுத்துக் கிழிக்கும். ‘மேலேயே ஜிக்ஜாக் அடித்துத் தரேன்’ என்று சொல்லும் கடைக்குப் போகாதீர்கள். ஐந்து நிமிட வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டு, பொட்டுபோல இருந்த கிழிசலைக் கெட்டியாகச் சுருக்கிக் கொடுப்பார்கள்.

கஞ்சத்தனம் என்கிறவர்களை அதன் மேல் ஒரு ராத்திரி படுக்கச் சொல்லுங்கள். பல வருஷம் துவைத்த காட்டனின் மெத்து எந்தக் கடையிலும் விலைக்கு வராது. நான் தைத்தது ஒன்று வீட்டில் இருக்கிறது. நடுத்தையல் எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி வருகிறவர்களிடம் பந்தயம் கட்டுவேன். நீங்களும் நான்கில் மோசமான ஒன்றை எடுத்து முதலில் வெட்டிப் பழகுங்கள். கோணல் வந்தாலும் அது மெத்தைக்கு அடியில்தானே போகப் போகிறது.