மூக்கு ஒன்று சொல்கிறது, போன் வேறொன்று காட்டுகிறது

கேள்வி: மணலி பக்கம் சின்னசேக்காட்டில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. சில நாள் கேஸ் கசிந்த மாதிரியும் இருக்கும். மாமியாருக்கு ஆஸ்துமா. போனில் பார்த்தால் காற்றின் தரம் பச்சை நிறத்தில் நன்றாக இருப்பதாகக் காட்டுகிறது. புகார் கொடுத்தால், ‘எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்கிறார்கள். மத்திய அரசு இதையெல்லாம் அளக்கிறதா இல்லையா? யாருக்கு, எப்படி எழுதினால் ஏதாவது நடக்கும்? கிணற்றுத் தண்ணீர் மேலும் சந்தேகமாக இருக்கிறது.

பதில்: உங்கள் மூக்கும் பொய் சொல்லவில்லை, போனும் பொய் சொல்லவில்லை. போன் காட்டுவது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். பாதிப் புகார்கள் அங்கேதான் வழுக்கி விழுகின்றன.

நீங்கள் பார்க்கும் எண் தேசியக் காற்றுத் தரக் குறியீடு, 2015-ல் நாடு முழுவதற்கும் வந்தது. இரண்டு வகை நுண்துகள், சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம் என்று எட்டுப் பொருள்கள் அதன் கணக்கில் வரும். எதன் நிலை மோசமோ அதுவே அன்றைய எண். இதில் கார்பன் மோனாக்சைடுக்கும் ஓசோனுக்கும் 8 மணி நேரச் சராசரி, மற்றவற்றுக்கு 24 மணி நேரச் சராசரி.

சிக்கல் அந்தச் சராசரியில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு நாளில் 22 மணி நேரம் சல்பர் டை ஆக்சைடு ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம். ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும் 300. சராசரி போட்டால் 39 கூட வராது. 24 மணி நேரத்துக்கான தேசிய வரம்பு 80. குறியீட்டில் 40 வரை ‘நன்று’, பச்சை நிறம். அந்த இரண்டு மணி நேரம் உங்கள் மாமியார் மூச்சுக்குத் திணறியது கணக்கில் கரைந்துபோகும். ‘வரம்புக்குள்தான்’ என்ற பதிலைச் சொன்னவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் தினசரிச் சராசரியைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

அடுத்தது நாற்றம். அழுகிய முட்டை வாடை பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. கேஸ் வாடை மெர்காப்டன் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. இரண்டிலும் கந்தகம் உண்டு. நம் வீட்டு சிலிண்டர் கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று அதில் கலப்பதும் ஒரு மெர்காப்டன்தான். கச்சா எண்ணெயிலும் கந்தகம் உண்டு என்பதால் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் இடங்களில் இந்த இரண்டு வாடையும் வரலாம். கழிவுநீர் தேங்கிக் கிடந்தாலும் முட்டை வாடை வரும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு, மெர்காப்டன் இரண்டுமே குறியீட்டின் எட்டில் இல்லை. 2009-ல் அறிவித்த தேசியத் தரநிலையின் 12 பொருள்களிலும் இல்லை. பென்சீன் அந்தப் பன்னிரண்டில் இருக்கிறது, ஆனால் அதற்கு ஆண்டுச் சராசரி வரம்பு மட்டும்தான், 5 மைக்ரோகிராம். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று வரம்பு இல்லை.

ராத்திரியில் மட்டும் ஏன் வருகிறது என்று பலர் கேட்பார்கள். ‘திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறார்கள்’ என்பதுதான் தெருவில் கிடைக்கும் விளக்கம். அப்படியும் நடக்கலாம். ஆனால் ஆலை பகலில் விடும் அதே அளவை ராத்திரியில் விட்டாலும் வாடை கூடும். பகலில் தரை சூடாகிக் காற்று மேலே எழும்பிக் கலக்கும், கடற்காற்றும் அடிக்கும். ராத்திரி தரை குளிர்ந்ததும் அந்தக் கலப்பு நின்று, புகை தாழ்வாகவே படுத்துக்கிடக்கும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கித் திரும்பும். அதனால் புகாரில் ‘ராத்திரி திறந்துவிடுகிறார்கள்’ என்று எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதுங்கள்.

சரி, டெல்லி அளக்கிறதா? அளக்கிறது, உங்கள் மணலியிலேயே. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரியில் தானியங்கி நிலையங்கள் உண்டு. மாநில வாரியம் மணலி கிராமம், கொடுங்கையூர், ராயபுரம், அரும்பாக்கம், பெருங்குடியில் வைத்திருக்கிறது. இந்த நிலையங்களின் அளவுகள் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் ஏறும். பச்சை, மஞ்சள் வண்ணத்தை விட்டுவிட்டு இதைப் பிடியுங்கள். மாநிலம், ஊர், நிலையம், தேதி என்று தேர்ந்தெடுத்து, சராசரி என்ற இடத்தில் 15 நிமிடம் கொடுத்தால் பட்டியலாக இறக்கிக்கொள்ளலாம். காசு கிடையாது. வீட்டில் கல்லூரி படிக்கிற பிள்ளை இருந்தால் பத்து நிமிட வேலை.

அந்தப் பட்டியலில் நான் முதலில் பார்ப்பது காற்றின் திசையை. அது டிகிரியில் இருக்கும். 90 என்றால் கிழக்கிலிருந்து வரும் காற்று, 270 என்றால் மேற்கிலிருந்து. எங்கே போகிறது என்பதைக் குறிப்பது அல்ல, எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிப்பது. விவரம் தெரிந்தவர்களே இங்கே தலைகீழாகப் படித்துவிடுவார்கள். பல வருடம் முன்பு வட சென்னைப் புகார் ஒன்றுக்காக மூன்று மாதப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரு சம்பந்தமும் இல்லாத திசையில் ஆலையைத் தேடிய கதை என்னுடையது. வாடை வந்த பதினைந்து ராத்திரியில் பன்னிரண்டு ராத்திரி காற்று ஒரே திசையிலிருந்து வந்திருந்தால், தேட வேண்டிய பக்கம் தெரிந்துவிடும். சல்பர் டை ஆக்சைடும், சில நிலையங்களில் அளக்கும் பென்சீன், டொலுயீனும் அதே நேரத்தில் எகிறியிருக்கிறதா என்று பார்த்தால் இன்னும் பலம்.

இந்த அமைப்பில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அளவுகோல் டெல்லியில், கைத்தடி கிண்டியில். 1981-ன் காற்றுச் சட்டம், போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இரண்டின் கீழும் தரநிலையை வகுப்பது மத்திய அரசு. ஆலைக்கு இசைவாணை கொடுப்பது, சோதனை போடுவது, மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்வது கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அதனால் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினாலும் உங்கள் மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் அந்த வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் மேசைக்குத்தான் வரும். முதல் மனுவை அங்கேயே கொடுங்கள். நகலை மத்திய வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

அரசு அசைவதே இல்லை என்பதும் சரியில்லை. 2009-ல் மத்திய வாரியம் நாடு முழுக்கத் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டு, 43 இடங்களை மிக மோசமாக மாசுபட்டவை என்று அறிவித்தது. அதில் மணலியும் ஒன்று. 2010 தொடக்கத்தில் அந்த இடங்களில் புதிய ஆலைக்கும் விரிவாக்கத்துக்கும் டெல்லி தடை போட்டது. பிறகு செயல் திட்டங்கள் வந்தன, தடை விலகியது. 2019-ல் தேசியத் தூய காற்றுத் திட்டமும் தொடங்கியது, 15-வது நிதிக்குழு வழியாகச் சென்னைக்கும் பணம் வந்தது. ஆனால் அந்தத் திட்டத்தின் இலக்கு தூசி, அதாவது நுண்துகள். சாலையோரம் கூட்டுவது, தண்ணீர் தெளிப்பது என்று செலவு போவது அதனால்தான். எதை அளக்கிறார்களோ அதற்குத்தான் பணம் போகிறது. உங்கள் வாடை அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை. அதை வரியாக்குவதுதான் உங்கள் வேலை என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த மாதிரி வாடை, யாருக்கு என்ன செய்தது, இன்ஹேலர் எத்தனை தடவை. நீங்கள் ஒருவர் எழுதுவதைவிட நான்கு தெருவில் நான்கு பேர் தனித்தனியாக எழுதுவது நல்லது. நான்கிலும் ஒரே நேரம் இருந்தால் யாரும் ‘உங்கள் வீட்டுச் சாக்கடையாக இருக்கும்’ என்று தட்டிவிட முடியாது. வாடை வரும்போதே மாநில வாரியத்துக்கு போன் போட்டு, புகார் எண் வாங்குங்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு வருகிற பொறியாளருக்குக் கடற்காற்றுதான் கிடைக்கும்.

ஒரு மாதக் குறிப்பு சேர்ந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு. பதிலுக்கு 30 நாள். ‘மாசு பற்றிய விவரம் வேண்டும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. இன்ன ஆலையின் நடப்பு இசைவாணை நகல், அதன் நிபந்தனைகள், இன்ன தேதிகளில் அதன் புகைபோக்கியில் இணைத்த தொடர் அளவுக் கருவியின் பதிவுகள், என் புகார் எண்ணின் மேல் எடுத்த நடவடிக்கை என்று கேளுங்கள். அதிக மாசு தரும் 17 வகைத் தொழில்களுக்கு இந்தக் கருவி கட்டாயம். சுத்திகரிப்பு ஆலைகள், பெட்ரோகெமிக்கல், உரம் எல்லாம் அதில் அடக்கம்.

இன்னொரு ஆவணம் பலர் கண்ணில் படுவதே இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஒவ்வொரு ஆலையும், அனுமதியின் நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடிக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், அறிக்கை தர வேண்டும். 2006-ன் அறிவிக்கை அப்படித்தான் சொல்கிறது. இது பொது ஆவணம். மத்திய அமைச்சகத்தின் பிராந்திய அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம். ஆலை விரிவாக்கத்துக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்க வேண்டியிருக்கும். 30 நாள் முன்னால் செய்தித்தாளில் அறிவிப்பு வரும், திட்டச் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் உங்கள் நோட்டையும் ஆலையே கொடுத்த ஆறு மாத அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால், பேசியது பதிவாகும். கோபமாகப் பேசுவதும் பதிவாகும்தான், ஆனால் ‘பொதுவான எதிர்ப்பு’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

இதற்கும் அசையவில்லை என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென்னிந்திய அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள். இழப்பீடு கேட்பதற்கு ஐந்து வருடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது அந்த அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஆனால் எண்ணெய் படகில் ஒட்டிக்கொண்டு நின்றது, எல்லோரும் படம் பிடித்தார்கள். வாடைக்குப் படம் கிடையாது, அதனால்தான் நோட்டு.

கிணற்று விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் வருடத்துக்கு நான்கு தடவை நீர்மட்டம் பார்க்கிறது. உங்கள் வீட்டுக் கிணறு அந்தப் பட்டியலில் இருக்காது. கீழ்ப்பாக்கத்தில் உள்ள குடிநீர் வாரிய ஆய்வகத்திலோ கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலோ கட்டணம் கட்டிப் பாருங்கள். எண்ணெய் வாடை அடித்தால் அதை முன்னாலேயே சொல்லுங்கள், சாதாரணக் குடிநீர்ச் சோதனையில் அது வராது. நீங்கள் பாட்டிலில் பிடித்த மாதிரியை வைத்து ஒரு ஆலை மேல் வழக்குப் போட முடியாது. சட்டப்படி வாரிய அதிகாரி, ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, இரண்டு பங்காகப் பிரித்து, முத்திரை வைத்து எடுத்த மாதிரிதான் நிற்கும். உங்கள் சோதனை அந்த அதிகாரியை வரவழைக்க மட்டும்.

ஒரு முக்கியமான விஷயம். ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிக அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், வாடை நின்றுவிட்டது போலத் தோன்றும். கடுமையாக அடித்த வாடை சட்டென்று காணாமல் போய், கண் எரிச்சலும் தலைசுற்றலும் இருந்தால் நோட்டை எல்லாம் விடுங்கள். மாமியாரை அழைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்குக் குறுக்காக வெளியேறி 112-க்கு போன் செய்யுங்கள்.

அப்புறம், ஒரு மாதக் குறிப்பை எந்த மாதத்தில் தொடங்குவது என்பதும் பார்க்க வேண்டியது. தீபாவளி வாரமும் போகி விடியலும் வேண்டாம். அந்த நாட்களில் ஊர் முழுக்க எல்லா எண்ணும் எகிறும், எதிர்த்தரப்பு அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டும்.