இரட்டைப் பித்தப்பை: லேப்ராஸ்கோபியில் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலி வருகிறது. ஸ்கேனில் பித்தப்பைக் கல் இருப்பதோடு, பித்தப்பையே இரண்டு இருப்பதாகவும் வந்திருக்கிறது. சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியிலேயே எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். வயிற்றைத் திறந்து செய்வதுதானே பாதுகாப்பு?

பதில்: ரிப்போர்ட்டைப் படித்ததும் பதறித்தான் போயிருப்பீர்கள். பிறவியிலேயே இரண்டு பித்தப்பை அமைவது சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு. அது நோய் இல்லை. கல்லோ வலியோ இல்லாதவர் என்றால் தொடவே வேண்டாம் என்பேன். உங்களுக்கு இரண்டும் இருப்பதால் எடுப்பதுதான் சரி. லேப்ராஸ்கோபியில் தாராளமாக எடுக்கலாம்.

சிக்கல் எல்லாம் குழாய்களில்தான். இரண்டு பைகளின் குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்து, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தில் இறங்கலாம், தனித்தனியாகவும் இறங்கலாம். ஒன்று மட்டும் கல்லீரலின் வலது நாளத்தில் போய்ச் சேர்வதும் உண்டு. எது எங்கே போகிறது என்று தெரியாமல் கிளிப் போட்டு வெட்டினால், வெட்டுப்படுவது பொதுப் பித்தநாளமாகவே இருந்துவிடலாம். அதைச் சரிசெய்வது பித்தப்பையை எடுப்பதைவிடப் பல மடங்கு பெரிய ஆபரேஷன். வயிற்றைத் திறந்து செய்தாலும் இந்த ஆபத்து இருக்கத்தான் செய்கிறது.

அதனால் சாதாரண ஸ்கேனோடு நிறுத்தாதீர்கள். மடிந்திருக்கும் ஒற்றைப் பைகூட அதில் இரண்டாகத் தெரியும். பித்தக் குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேனான எம்ஆர்சிபி எடுத்தால் குழாய்களின் பாதை பெரும்பாலும் புலப்பட்டுவிடும். அப்புறம் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: "நடுவில் சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்?" பித்தநாளத்தில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பேன், அல்லது இன்டோசயனின் கிரீன் என்ற சாயம் போட்டு நாளங்களை ஒளிரவைத்துப் பார்ப்பேன், அப்போதும் தெளியாவிட்டால் வயிற்றைத் திறப்பேன் என்று சொல்பவரை நம்பலாம். அப்படித் திறக்க நேர்ந்தால், ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று வீட்டில் யாரும் கலங்க வேண்டாம். நாளத்தைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது.

இரண்டு பைகளையும் ஒரே ஆபரேஷனில் எடுப்பார்களா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். ஒன்றை விட்டுவைத்தால் அதிலும் கல் சேர்ந்து வலி திரும்பலாம். தழும்பும் ஒட்டுதலும் ஏறிய இடத்தில் மறுபடி ஆபரேஷன் செய்வது கடினம்.

வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், அடர்ந்த நிறத்தில் சிறுநீர், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தையல் பிரிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.