நிலைக்காலைக் குடையும் கட்டெறும்பு: வாசகர் கேள்வி-பதில்

குளியலறைக் கதவு நிலையின் அடியில் தினமும் காலையில் மரத்தூள் கிடக்கிறது. கரையான் மருந்து அடித்தும் நிற்கவில்லை. (கீழக்கரை)

முதலில் அந்தத் தூளை ஒரு வெள்ளைத்தாளில் அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். நார் நாராகச் சீவல் இருந்து, நடுவே எறும்புக் காலும் தலையும் கிடந்தால் அது கட்டெறும்பு. குண்டூசித் துளை வழியாக மாவாகக் கொட்டினால் மரம் உளுக்கிறது. அது வண்டு வேலை. கரையான் என்றால் பெரும்பாலும் சுவரோடு மண்பாதை ஏறியிருக்கும். எது என்று தெரியாமல் மருந்து அடிப்பது வீண் செலவு.

கட்டெறும்பு மரத்தைத் தின்பதில்லை, கூடு வைக்கக் குடைகிறது. நம் பக்கத்துக் கட்டெறும்பு பெரும்பாலும் மண்ணிலும் மரத்தடியிலும்தான் இருக்கும்; ஊறி இளகின மரம் கிடைத்தால் வீட்டுக்குள்ளும் குடிவந்துவிடும். ஆகவே உங்கள் முதல் எதிரி தண்ணீர்தான். ஸ்க்ரூடிரைவர் முனையால் நிலைக்காலின் அடியைக் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று உள்ளே போனால் அந்த அளவுக்கு ஆசாரியை வைத்து அறுத்தெடுத்து, கீழே கருங்கல் துண்டு வைத்து அதன்மேல் நிலையை நிறுத்தச் சொல்லுங்கள். மரம் தரை ஈரத்தைத் தொடவே கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ட். ஈரத்தோடு அடித்தால் உள்ளேயே அழுகும்.

எறும்புச் சாக்பீஸ் கோடு போட்டால் ரெண்டு நாள் காணாமல் போய் மறுபடி வருகிறதே? (தேவிபட்டினம்)

கோட்டில் சாவது இரை தேடி வரும் வேலைக்கார எறும்புகள் மட்டும்தான். ராணி கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. கூட்டுக்கே மருந்து போக வேண்டுமானால் அவற்றையே தூக்கிப் போக வைக்க வேண்டும். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர் கரைத்து, பஞ்சில் நனைத்து, எறும்புச் சாரை போகும் வழியில் வையுங்கள். மருந்தின் அளவைக் கூட்டிவிடாதீர்கள், அளவு கூடினால் வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குப் போகாது. ரெண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். அந்த நாட்களில் பக்கத்தில் ஸ்ப்ரே அடிக்கவும் கூடாது. இது விஷம், பிள்ளைகளுக்கும் ஆடு, கோழிக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள், மரத்தில் தீப்பிடிக்கும்.

ராத்திரியில் மட்டும் கூரை ஓரமாக வரிசையாக இறங்குகிறது. வேப்பமரம் வீட்டை ஒட்டி இருக்கிறது. (தங்கச்சிமடம்)

அந்தக் கிளைதான் பாலம். கூரையிலிருந்து ரெண்டு மூன்று அடி இடைவெளி இருக்கும்படி கழித்துவிடுங்கள். மரத்தை வெட்ட வேண்டாம். ராத்திரி டார்ச் அடித்து சாரை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். செடியில் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருந்தால் அதன் இனிப்புக் கழிவைக் குடிக்க எறும்பு கட்டாயம் வரும். மல்லிச் செடியும் இருந்தால் அதன் கொழுந்துகளையும் புரட்டிப் பாருங்கள்.

மழை விட்டதும் விளக்கைச் சுற்றி இறக்கை எறும்பு. ஈசலா? (தொண்டி)

ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு பருமன். எறும்புக்கு முன் இறக்கை நீளம், இடுப்பு ஒடுங்கியிருக்கும், மீசை மடங்கியிருக்கும். வெளியிலிருந்து வந்தவை என்றால் விளக்கை அணையுங்கள், போதும். ஆனால் நிலையிலிருந்தோ சுவர் வெடிப்பிலிருந்தோ கிளம்பினால் கூடு உள்ளேயே இருக்கிறது, அதுவும் முற்றிய கூடு. உடனே பார்க்க வேண்டும்.

பழைய ஓட்டு வீடு, பனஞ்சட்டம். அடுத்த மழைக்கு முன் என்ன செய்யலாம்? (மண்டபம்)

வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்துக்கு அவ்வளவு சீக்கிரம் எதுவும் ஆகாது. பலவீனம் அதன் நுனியில், சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில். மேலே ஒரு ஓடு விரிசல் விட்டிருந்தால் ஒழுகும் தண்ணீர் நேராக அங்கேதான் இறங்கும். ஐப்பசிக்கு முன்னாலேயே ஏறி உடைந்த ஓட்டை மாற்றிவிடுங்கள். கருவேல விறகைச் சுவரோடு சாய்த்து அடுக்கியிருந்தால் தள்ளி, தரையில் படாமல் கல் மேல் அடுக்குங்கள். ஏ.சி. இருந்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீர் சுவரில் வழியாதபடி குழாயை நீட்டிவிடுங்கள்.