நாத்தனார் அனுப்பும் டின்

கேள்வி: எனக்கு இப்போது எட்டாம் மாதம். கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மூத்தவனுக்குக் கரப்பான் வந்து இரண்டு வருஷம் படாதபாடு பட்டோம். ‘எச்.ஏ.’ என்று போட்ட பால் பவுடர் கொடுத்தால் அலர்ஜியே வராது என்று துபாயில் இருக்கும் நாத்தனார் இரண்டு டின் அனுப்புகிறாராம். கொடுக்கலாமா டாக்டர்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவரிடம் டின்னுக்குப் பதில் பேரீச்சம்பழம் கேளுங்கள்.

நாத்தனார் மேல் தப்பில்லை. இப்படி டின்னோடு வந்தவர்களிடம் ‘சரி, கொடுங்கள்’ என்று நானே ஒரு காலத்தில் தலையாட்டியிருக்கிறேன். எச்.ஏ. என்றால் ‘ஹைப்போஅலர்ஜெனிக்’, அதாவது அலர்ஜி குறைவாகத் தரும் என்று விற்கப்படும் பவுடர். அதில் பசும்பால் புரதத்தை நொதி போட்டுச் சின்னச் சின்னதாக உடைத்திருப்பார்கள். அது பால் என்று உடம்புக்கு அடையாளம் தெரியாது என்பது கணக்கு. அந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுத்த கனடா ஆய்வு ஒன்று 1989-ல் வந்தது. வெளியிட்ட பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலே 2015-ல் அதை வாபஸ் வாங்கிவிட்டது! மறு வருஷம் எல்லா ஆய்வுகளையும் சலித்துப் பார்த்தவர்களுக்கும் உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதோடு நானும் தலையாட்டுவதை நிறுத்தினேன்.

நீங்கள் உஷாராக இருக்கவேண்டிய இடம் பிரசவ வார்டு. ‘பால் ஊறலை, பிள்ளை அழுவுது’ என்று முதல் ராத்திரியே யாராவது சாதாரண பவுடர் பாலைக் கரைத்துவிடுவார்கள். முதல் மூன்று நாள் அதைத் தவிர்த்த பிள்ளைகளுக்குப் பிற்பாடு பால் அலர்ஜி குறைவாக இருந்ததாக 2019-ல் ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. சீம்பால் ஸ்பூன் கணக்கில்தான் வரும். பிறந்த பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான். பிள்ளைக்கு ரத்தத்தில் சர்க்கரை குறைவு மாதிரி காரணம் இருந்து டாக்டரே பவுடர் பால் கொடுக்கச் சொன்னால் அது வேறு.

ஆறு மாதம் முடிந்ததும் நன்றாக வெந்த முட்டையை மசித்துக் கொடுங்கள். அப்புறம் வறுத்த வேர்க்கடலையை நைஸாக அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம். முழுக்கடலை கூடாது, புரையேறிவிடும். ‘கடலை கரப்பான் பண்டமாச்சே’ என்று வீட்டில் பெரியவர்கள் மறிப்பார்கள். லண்டனில் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், கடலையே கொடுக்காமல் வளர்த்த பிள்ளைகளுக்குத்தான் ஐந்து வயதில் கடலை அலர்ஜி அதிகம். இந்தப் பிள்ளைக்கும் கரப்பான் கடுமையாக இருந்தால் மட்டும், கடலை கொடுக்கும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று அடுத்த கடிதம் வரும். வேண்டாம். அந்தப் புரதமும் பசும்பால் புரதமும் அண்ணன் தம்பி.